கீபோட்டில் றிதமும் கோட்டும்: இடக்கைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெறாமகளுக்குக் கீபோட் பழக்கத் தொடங்கிய முதல் நாள். பின்னேரம், விறாந்தையில் வகுப்பு. ‘ஓட்டோ அக்கம்பனிமென்ட்’ பொத்தானைப் போட்டு, கட்டையை அழுத்தினதும் தொடங்கும்படி வைத்துவிட்டு, இடது பக்கத்தில் சி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். அழுத்தினாள். ட்ரம்ஸ், பேஸ் கிட்டார், பின்னால் ஒரு வயலின் கூட்டம், எல்லாம் ஒன்றாகக் கிளம்பப் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். சத்தம் நிற்கவில்லை.

“சித்தப்பா, நான் கையை எடுத்திட்டன். அது நிக்குதில்லை. உள்ளுக்கு ஆரோ இருக்கினம் போல.”

இருக்கிறார்கள்தான். ஒரு முழு இசைக்குழுவே இருக்கிறது. அந்தக் குழுவுக்கு இரண்டு குணம். கடைசியாகச் சொன்ன கோட்டை, அதாவது சேர்த்து அழுத்தின சுரங்களை, அடுத்தது வரும்வரை விடாது. மற்றது, உங்களுக்காக நிற்காது. வலக்கை தடுமாறினாலும் சரி, பாடுகிறவர் மூச்சு வாங்கினாலும் சரி, ட்ரம்ஸ் தன் பாட்டில் போய்க்கொண்டே இருக்கும். ‘ஓட்டோ’ என்ற பெயரைப் பார்த்து எல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். எந்தக் கோட், எந்த நேரத்தில் என்ற இரண்டையும் இடக்கைதான் சொல்லவேண்டும். வலக்கை என்ன வாசிக்கிறது என்று அந்தக் குழு பார்ப்பதே இல்லை.

மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒலிப்பதை எங்கள் பக்கத்தில் ‘கோட்’ என்றே சொல்வோம். ஆகவே இந்தக் கட்டுரையில் ‘கோட்டைப் பிடி’ என்று வந்தால் யாழ்ப்பாணக் கோட்டை இருக்கும் பண்ணைப் பக்கம் பார்க்கவேண்டாம்.

மின்சாரம்

அடாப்டரை மாற்றிக் குத்தாதீர்கள். யமஹாவின் சிறிய கீபோட்கள் பலவற்றுக்கு 12 வோல்ட், கசியோவின் அண்மைய மாதிரிகள் பலவற்றுக்கு 9.5 வோல்ட். முனை பொருந்துகிறது என்பதற்காக வேறொன்றைக் குத்தினால் உள்ளே போர்டு எரியலாம். அடாப்டரிலும் கீபோட்டின் பின்பக்கத்திலும் வட்டத்துக்குள் கூட்டல், கழித்தல் அடையாளம் இருக்கும். வோல்டோடு அதுவும் ஒத்துப்போகவேண்டும்.

பற்றறி போடும் இடம் இருந்தால் ஒரு தொகுதி வாங்கி வையுங்கள். யமஹாவின் சிறிய மாதிரிகள் பலவற்றுக்கு ஏஏ அளவில் ஆறு போதும். தொண்ணூறுகளில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோதும் வகுப்பை நிறுத்தவில்லை. பற்றறி இறங்கத் தொடங்கினால் சத்தம் கரகரக்கும், சில வேளை தானாக நின்று எல்லா அமைப்பும் பழைய நிலைக்குப் போய்விடும். கச்சேரிக்குப் போகும்போது புதியதைப் போட்டுக்கொண்டு போங்கள்.

பொத்தான்களின் பெயர்

யமஹாவில் ‘ஸ்ரைல்’ என்பதும் கசியோவில் ‘றிதம்’ என்பதும் ஒரே சாமான்தான்: ட்ரம்ஸ், பேஸ், கோட் வாத்தியங்கள் எல்லாம் சேர்த்து முன்கூட்டியே வாசித்துப் பதிந்த ஒரு கோலம். ‘ஸ்ரார்ட்/ஸ்ரொப்’ அதைத் தொடக்கும், நிறுத்தும். யமஹாவில் ‘ஏசிஎம்பி’, கசியோவில் ‘அக்கம்ப்’ என்று சுருக்கி எழுதியிருப்பதுதான் கோட் பகுதியைத் திறக்கும் சாவி. அது மூடியிருந்தால் ட்ரம்ஸ் மட்டும் கேட்கும், கட்டைகள் முழுவதும் சாதாரணமாக ஒலிக்கும். திறந்தால் இடதுபக்கக் கட்டைகள் குழுவுக்குக் கட்டளை கொடுக்கும் இடமாக மாறிவிடும்.

முதல் கிழமை அதைத் திறக்கவேண்டாம். ட்ரம்ஸ் மட்டும்.

பாட்டுக்கு ஏற்ற றிதம்

புதியவர்கள் அதிகம் பிழைவிடுவது இங்கேதான். நூற்றுக்கணக்கான றிதம் இருக்கிறதே என்று ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும், பாட்டு வராது. கீபோட்டைத் தொடாமல் பாட்டைப் பாடிக்கொண்டு தொடையில் தட்டுங்கள். எந்தத் தட்டு கனமாக விழுகிறது, அடுத்த கனமான தட்டு வரைக்கும் எத்தனை தட்டு என்று எண்ணுங்கள். கனமான தட்டு ஒன்றிலிருந்து அடுத்தது வரையுள்ள துண்டைத்தான் ‘பார்’ என்கிறார்கள்.

நான்கு வந்தால் 4/4. பெரும்பாலான பாட்டுகள் இதில் அடங்கும். ‘8 பீற்’, ‘16 பீற்’ என்று போட்டிருப்பவை இரண்டும் 4/4தான். ஒரு பாருக்குள் அந்தச் சின்னச் சிஞ்சா போன்ற ஹை-ஹட் எட்டுத் தரம் விழுகிறதா, பதினாறு தரம் விழுகிறதா என்பதில்தான் வித்தியாசம். ஆறுதலான பாட்டுக்கு முதலில் ‘பலட்’ வகையில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ட்ரம்ஸ் அடங்கி இருக்கும், உங்கள் பிழையும் அவ்வளவு தெரியாது.

மூன்று வந்தால் 3/4, பெயரில் ‘வோல்ட்ஸ்’ என்று இருக்கும். தேவாலயப் பாடல்கள் பல இதற்குள் வரும்.

ஆறு வந்து, அது மூன்று மூன்றாக இரண்டு கனமான தட்டாகப் பிரிந்தால் 6/8. எங்கள் நாட்டில் கலியாண வீட்டில் எல்லாரும் எழும்பி ஆடும் பைலா இந்தக் கணக்குத்தான். கீபோட்டில் ‘பைலா’ என்று பெயர் போட்ட றிதம் இல்லாவிட்டால் கவலைப்படவேண்டாம். 6/8 என்று குறித்தவற்றைத் தேடி, ஒவ்வொன்றின் வேகத்தையும் கூட்டிப் பாருங்கள். மெதுவான காதல் பாட்டுக்கு என்று செய்த ஒரு 6/8, வேகத்தைக் கூட்டினதும் ஆட்டம் போட வைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சங்கீதம் படித்தவர்களுக்கு இன்னொரு வழி. ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கை 4/4இல் இரண்டு பார். திஸ்ர நடையில் போகிற பாட்டு 6/8 பக்கம் சாயும். ரூபகத்தின் மூன்று எண்ணிக்கை பலவேளை 3/4இல் உட்காரும். ஆனால் அந்த வோல்ட்ஸ் ஆட்டம் பாட்டின் சாயலையே மாற்றிவிடும், கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். மிஸ்ர சாபுவின் ஏழும் கண்ட சாபுவின் ஐந்தும் சாதாரண கீபோட்டில் பெரும்பாலும் கிடையாது. ஏழு எண்ணிக்கைப் பாட்டை 4/4க்கு மேல் வைத்தால் முதல் ஆவர்த்தனத்திலேயே ஒரு தட்டு முந்திவிடும், பிறகு ஒன்றோடொன்று சண்டைதான். அப்படிப்பட்ட பாட்டுக்கு றிதத்தை நிறுத்திவிட்டு மிருதங்கக்காரரைக் கூப்பிடுங்கள். யமஹா பிஎஸ்ஆர்-ஐ500, கசியோ சிடி-எக்ஸ்870ஐஎன் போன்ற இந்தியச் சந்தைக்கென்று வந்த மாதிரிகளில் தபேலா, டோலக் சேர்ந்த றிதங்கள் இருக்கின்றன. பஜனைக்கு அவை நல்ல துணை.

வேகம்: ஒவ்வொரு றிதத்துக்கும் அதைச் செய்தவர் ஒரு ரெம்போ எண் வைத்திருப்பார். அது அவருடைய வேகம், உங்கள் பாட்டுக்கு உரியதல்ல. முதலில் பாட்டைப் பாடுங்கள். பாடும் வேகத்திலேயே ‘டப் ரெம்போ’ பொத்தானைத் தட்டுங்கள், 4/4 என்றால் நான்கு தரம், 3/4 என்றால் மூன்று தரம். அந்த வேகத்தில் றிதம் கிளம்பும். திரையில் தெரியும் எண்ணைக் கொப்பியில் எழுதி வைத்தால் அடுத்த முறை தேடவேண்டியதில்லை.

எடுப்பு: எல்லாப் பாட்டும் முதல் தட்டில் தொடங்காது. சங்கீத வகுப்பில் இடம் தள்ளி எடுப்பது என்று படிப்பதே இங்கும் இருக்கிறது. எந்த வீட்டிலும் உங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் அந்தப் பிறந்தநாள் பாட்டை எடுங்கள். அது 3/4, ஆனால் முதல் சொல் மூன்றாவது தட்டில் விழுகிறது. இது தெரியாமல் முதல் தட்டில் தொடங்கினால் கேக் வெட்டி முடியும்வரை ட்ரம்ஸ் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். இதற்குத்தான் ‘சிங்க்ரோ ஸ்ரார்ட்’. கோட் பகுதியைத் திறந்து இதையும் அழுத்தினால் குழு வாயைத் திறக்காமல் காத்திருக்கும். வலக்கையால் தள்ளி எடுக்கும் சுரங்களை வாசித்து, கனமான தட்டு வரும் இடத்தில் இடக்கைக் கோட்டை அழுத்துங்கள். அந்த நொடியில் எல்லாரும் சேர்ந்து வருவார்கள்.

இடக்கையின் எல்லை

61 கட்டை உள்ள யமஹாவில் இடது ஓரத்திலிருந்து எண்ணினால் 19ஆவது கட்டை எஃப் ஷார்ப், ஒரு கறுப்புக் கட்டை. வாங்கும்போது இருக்கும் அமைப்பில் அதுதான் எல்லை, ‘ஸ்பிளிட்’ என்பார்கள். அதற்கு இடப்பக்கம் உள்ளவை கோட்டுக்கு, வலப்பக்கம் உள்ளவை மெட்டுக்கு. கசியோவின் பல மாதிரிகளிலும் ஏறத்தாழ அதே இடந்தான்.

இந்த ஒரு விஷயம் தெரியாமல் கீபோட் பழுது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. புத்தகத்தில் சி மேஜர் (மேஜர், மைனர் எல்லாம் கோட்டின் வகைகள்) என்றால் சி, ஈ, ஜி என்று போட்டிருக்கும். இடமிருந்து இரண்டாவது சி, 13ஆவது கட்டை. அதிலிருந்து பிடித்தால் ஈ 17ஆவது, ஜி 20ஆவது. எல்லை 19இல் முடிந்துவிட்டதே! குழுவுக்குச் சியும் ஈயும் மட்டும் போய்ச் சேரும், ஜி மெட்டுக் குரலில் தனியாகப் ‘பீ’ என்று ஒலிக்கும். பழுது ஒன்றுமில்லை, கை ஒரு கட்டை வேலி தாண்டிவிட்டது.

இதற்கு வழி, கோட்டின் சுரங்களை இடம் மாற்றிப் பிடிப்பது. எந்த வரிசையில் பிடித்தாலும் அது சி மேஜர்தான். குழுவிலுள்ள பேஸ்காரர் சாதாரண அமைப்பில் சியைத்தான் வாசிப்பார். நான் எல்லாருக்கும் முதல் பழக்கும் நான்கு பிடிகள் இவை. சின்னவிரல் இடப்பக்கம், பெருவிரல் வலப்பக்கம்:

சி மேஜர்: ஜி, சி, ஈ
ஏ மைனர்: ஏ, சி, ஈ
எஃப் மேஜர்: ஏ, சி, எஃப்
ஜி மேஜர்: ஜி, பி, டி

இடமிருந்து 8ஆவது கட்டைக்கும் 18ஆவது கட்டைக்கும் இடையில் நான்கும் அடங்கிவிடும். கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக மாற்றிப் பாருங்கள். சியிலிருந்து ஏ மைனருக்குச் சின்னவிரல் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டை நகர்கிறது. ஏ மைனரிலிருந்து எஃபுக்குப் பெருவிரல் மட்டும். எஃபிலிருந்து ஜிக்கு வரும்போதுதான் மூன்று விரலும் இடப்பக்கம் நகரவேண்டும். பழகினபிறகு கை மேசையில் வைத்த மாதிரி இருக்கும், விரல்தான் அசையும்.

நான்கு சுரக் கோட்டுக்கு வரும்போது ஒரு எச்சரிக்கை. ஏ மைனர் செவன்த்தில் ஏ, சி, ஈ, ஜி. சி சிக்ஸ்த்திலும் அதே நான்கு சுரம். நீங்கள் ஒன்றை நினைத்து அழுத்த, இயந்திரம் மற்றதை நினைக்கக்கூடும். திரையில் கோட்டின் பெயர் வரும், ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை விரல் வழி

அவசரத்துக்கு உதவும், பழக்கத்துக்கு உதவாது என்பது என் கருத்து. ஆனாலும் தெரிந்திருக்கவேண்டும். யமஹாவில் மூலச்சுரம், அதாவது கோட்டுக்குப் பெயர் தரும் சுரம், ஒன்றை மட்டும் அழுத்தினால் மேஜர். அதற்கு இடப்பக்கம் உள்ள கிட்டிய கறுப்புக் கட்டையையும் சேர்த்தால் மைனர், கிட்டிய வெள்ளைக் கட்டையைச் சேர்த்தால் செவன்த், இரண்டையும் சேர்த்தால் மைனர் செவன்த். கசியோவில் திசை மாறிவிடும். மூலச்சுரத்துக்கு வலப்பக்கம் ஏதாவது ஒரு கட்டையைச் சேர்த்தால் மைனர், இரண்டைச் சேர்த்தால் செவன்த், மூன்றைச் சேர்த்தால் மைனர் செவன்த்.

ஒரு பிராண்டில் பழகியவர் கூட்டாளியின் வீட்டில் மற்றதை வாசிக்கும்போது சிரிப்புத்தான் வரும். முழு விரல் பிடிக்கு இந்தத் தொல்லை இல்லை, எந்தக் கம்பனிக் கீபோட்டிலும் ஏ மைனர் ஏ மைனர்தான்.

மாற்றும் நேரம்

இதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் செலவாகும், செலவழிக்கவும் வேண்டும். நீங்கள் அழுத்திய அந்தக் கணமே குழு கோட்டை மாற்றும். அரைத் தட்டுப் பிந்தி அழுத்தினால் பேஸ் பழைய சுரத்தை அடித்துவிட்டு நடுவில் தடம் மாறும், கேட்பவருக்குச் சைக்கிள் செயின் கழன்ற மாதிரி இருக்கும். விரல்களை ஒவ்வொன்றாக வைத்தாலும் கேடு. முதல் விரல் பட்டதும் இயந்திரம் அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் ஒரே நேரத்தில் இறங்கவேண்டும்.

நான் கொடுக்கும் பயிற்சி இது. பலட் றிதம், ரெம்போ 70. வலக்கை மடியில். ஒரு கோட்டுக்கு நான்கு பார் என்று சி, ஏ மைனர், எஃப், ஜி. வாயால் ‘ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு’ என்று சத்தமாக எண்ணவேண்டும், மனதுக்குள் எண்ணினால் சரிவராது. நான்காவது பாரின் ‘நாலு’ என்று சொல்லும்போதே அடுத்த பிடிக்கு விரல்கள் கட்டைக்கு மேல் போய் நிற்கவேண்டும். ‘ஒண்டு’ என்று வாய் சொல்லும்போது விரல் இறங்கவேண்டும். கோட்டை அடுத்தது வரும்வரை இயந்திரமே பிடித்து வைத்திருக்கிறதே, அந்த வசதியைப் பாவியுங்கள். ‘மூண்டு’ என்ற இடத்திலேயே கையைத் தூக்கிவிடலாம். பழைய கோட்டைக் கடைசி வரைக்கும் அழுத்திக்கொண்டிருந்து பிறகு பாய்வதுதான் பிந்துவதற்குக் காரணம்.

அது பிழையில்லாமல் வந்தால் இரண்டு பாருக்கு ஒன்று, பிறகு பாருக்கு ஒன்று, பிறகு பாரின் நடுவில் மூன்றாவது தட்டிலும் ஒரு மாற்றம். அதன் பிறகே வலக்கை. வலக்கையிலும் முதலில் மெட்டு வேண்டாம், பாருக்கு ஒரு நீண்ட சுரம் போதும்.

பெறாமகள் இந்தப் பயிற்சியின் மூன்றாம் நாள் கேட்டாள்: “சித்தப்பா, பிழைச்சா நிப்பாட்டிப்போட்டுத் திரும்பத் தொடங்கட்டே?”

“நிப்பாட்டாதை பிள்ளை. அடுத்த ‘ஒண்டு’ வரும்வரைக்கும் பொறு. வந்த உடனை ஏறு.”

ஓடுகிற மினிபஸ்ஸில் ஏறுவது போலத்தான். தவறவிட்டால் ஓடிப்போய்த் தொங்கக்கூடாது, அடுத்த தரிப்பிடத்தில் நிற்கவேண்டும். கோட்டை விட்ட இடத்தில் தேடிக்கொண்டிராமல் அடுத்த பாரின் முதல் தட்டில் சேர்ந்தால் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிழை விட்டதே தெரியாது.

இன்ரோ, பில்-இன், என்டிங்

இன்ரோ அழுத்தித் தொடங்கினால் குழு சில பார் முன்னோட்டம் வாசித்துவிட்டுப் பாட்டுக்கு வரும். அந்த முன்னோட்டத்துக்குள் கோட் மாற்றங்களும் உண்டு. ஆகவே பாட்டின் ஆதாரக் கோட்டை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்து, முடியும்வரை பொறுங்கள். பாட்டு ஏ மைனரில் இருந்தால் ஏ மைனர். நடுவில் நீங்களும் மாற்றினால் கறி ஒன்றுக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட கதை.

பில்-இன் என்பது ஒரு அடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ட்ரம்ஸ்காரர் உருட்டும் உருட்டு. யமஹாவில் ‘மெயின்’, கசியோவில் ‘நோர்மல்’, ‘வேரியேஷன்’ என்று போட்ட பொத்தான்களில் இது இருக்கும். அழுத்திய இடத்திலிருந்து அந்தப் பார் முடியும்வரை உருட்டும். முதல் தட்டு விழுந்த உடனே அழுத்தினால் ஏறக்குறைய முழுப் பார், மூன்றாவதில் அழுத்தினால் அரைப் பார். பல்லவியை அடக்கமான கோலத்தில் தொடங்கி, சரணம் முடிந்து திரும்பும்போது கனமான கோலத்துக்கு மாறுவது பழைய வழிதான், இன்றும் எடுபடும். ஒவ்வொரு வரிக்கும் பில்-இன் போடாதீர்கள். முழுப் பாட்டுக்கும் நான்கு ஐந்து போதும்.

என்டிங் குழுவை முடித்து வைக்கும். யமஹாவில் அது போய்க்கொண்டிருக்கும்போது இன்னொருமுறை அழுத்தினால் வேகம் குறைந்து இழுத்து முடியும். அதைப்பற்றி எனக்கு ஒரு கதை இருக்கிறது. ஒரு பூப்புனித நீராட்டு விழா மண்டபத்தில், பாட்டு இரண்டாவது சரணத்துக்குள் நுழைகிற நேரம், பில்-இன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த என்டிங்கை அழுத்திவிட்டேன். பதற்றத்தில் இன்னொருமுறையும் அழுத்த, குழு அழகாக இழுத்து, சிம்பல் அடித்து முடித்தது. சனம் கைதட்டியது. பாடிக்கொண்டிருந்தவர் மைக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்த பார்வை இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றிலிருந்து என் கீபோட்டில் என்டிங் பொத்தானுக்கு மேல் ஒரு துண்டுச் சிவப்பு ரேப் ஒட்டியிருக்கிறது.

குழுவை அடக்குவது

பெரும்பாலான கீபோட்டில் றிதத்தின் சத்தம் பாடுபவருக்குத் தேவையானதைவிடக் கூடவே இருக்கும். மெட்டுக் குரலைத் தொடாமல் றிதத்தை மட்டும் குறைக்கத் தனி அமைப்பு உண்டு, முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். வசதி கூடிய மாதிரிகளில் பேஸ், கோட், கூடுதல் மெட்டு என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்தலாம். நான் வழக்கமாக முதலில் வெளியே அனுப்புவது அந்தக் கூடுதல் மெட்டுக்காரரை. ட்ரம்ஸ், பேஸ், ஒரு கிட்டார் இருந்தால் எங்கள் பாட்டுக்குக் காற்றோட்டமாக இருக்கும்.

விருத்தம் பாடும்போது தாளமே கூடாது. அதற்கு றிதத்தை நிறுத்தி, கோட் பகுதியை மட்டும் திறந்து வைத்து, இடக்கையால் ஒரு கோட்டை அழுத்துங்கள். பல யமஹா மாதிரிகளில் ட்ரம்ஸ் இல்லாமல் கோட்டும் பேஸும் மட்டும் ஒலிக்கும். பாடுபவர் தன் போக்கில் போகலாம். தேவாரத்துக்கு நான் அதுவும் வைப்பதில்லை. பண்ணுக்குச் சுருதி போதும்.

கட்டையும் ட்ரான்ஸ்போஸும்

‘கட்டை’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. விரல் படும் கட்டை ஒன்று, பாடகர் சொல்லும் சுருதிக் கட்டை மற்றது. 1 கட்டை என்றால் சி, 2 என்றால் டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைகள் கறுப்புக் கட்டைகள்: ஒன்றரை சி ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப். பாடுபவர் “எனக்கு ரெண்டு கட்டை” என்றால், முழுக் கீபோட்டின் சுருதியையும் ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸைக் கூட்டல் 2இல் (சியிலிருந்து கறுப்பும் சேர்த்து எண்ணினால் இரண்டு கட்டை மேலே) வையுங்கள், கைகள் சியிலேயே வாசிக்கட்டும். ஐந்து கட்டை என்றால் கூட்டல் 7 வரைக்கும் ஏறாமல் கழித்தல் 5க்கு இறங்குவது நல்லது, சத்தம் கீச்சிடாது. ட்ரம்ஸ் மட்டும் இதனால் மாறாது.

பாட்டு முடிந்ததும் பூச்சியத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். அடுத்து வருகிறவர் தன் கட்டை என்று நினைத்துத் தொடங்க, புல்லாங்குழல் ஒரு சுருதி, கீபோட் ஒரு சுருதி என்று போகும். றிதம், ரெம்போ, ட்ரான்ஸ்போஸ் எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் சேமிக்க ‘றெஜிஸ்ட்ரேஷன்’ உதவும். பத்துப் பாட்டுக் கச்சேரிக்கு அது இல்லாமல் நான் போவதில்லை.

இராகத்துக்குக் கோட்

கோட்டிலுள்ள ஒவ்வொரு சுரமும் இராகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத சுரம் ஒன்று வந்தால் இராகம் அந்த இடத்திலேயே உடையும்.

சங்கராபரணம் சியில் வைத்தால் வெள்ளைக் கட்டைகள் முழுவதும். மேலே சொன்ன நான்கு கோட்டும் அப்படியே பொருந்தும். மோகனத்தில் ம, நி இல்லை, ஆகவே எஃபும் இல்லை, பியும் இல்லை. எஃப் மேஜரும் ஜி மேஜரும் போய்விட்டன, மிஞ்சுவது சி மேஜரும் ஏ மைனரும். அந்த இரண்டோடு ஒரு பாட்டை ஒப்பேற்றலாம், நன்றாகவும் இருக்கும். கீரவாணி சியில் என்றால் சி மைனர், எஃப் மைனர், ஜி செவன்த். ஜியில் வரும் அந்த பி, காகலி நிஷாதம், திரும்பச் சட்ஜத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து விடும். சினிமாப் பாட்டில் கீரவாணி இவ்வளவு எடுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பெறாமகள் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒருநாள் சரளி வரிசைக்குக் கோட் வைத்தால் என்ன என்று கேட்டாள். மாயாமாளவகௌளை: சி, சி ஷார்ப், ஈ, எஃப், ஜி, ஜி ஷார்ப், பி. ட்ரம்ஸ்காரரை மட்டும் நிறுத்திவிட்டு, கோட்டையும் பேஸையும் ஓடவிட்டோம். சட்ஜத்தில் நிற்கும்போது சி மேஜர். மத்திமத்தில் எஃப் மைனர், அதாவது ம, த, ஸ. ரிஷபத்தில் சி ஷார்ப் மேஜர், ரி, ம, த. மூன்றும் இராகத்துக்குள்ளேயே கிடக்கின்றன. ஆறுதலாகப் பாடிக்கொண்டு மாற்றினாள், நல்லாயிருந்தது.

“பஞ்சமத்துக்கு ஜி போடட்டே, சித்தப்பா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜி, பி, டி. அழுத்தினாள். அந்த டி, இராகத்தில் இல்லாத சதுச்ருதி ரிஷபம், ஒரு கணம் விறாந்தை முழுக்க நின்றது. முகத்தைச் சுளித்துக்கொண்டு பெருவிரலை எடுத்துவிட்டாள். கோட் போகவில்லை, இயந்திரம் பிடித்து வைத்திருந்தது. ஓடிப்போய் ஸ்ரொப்பை அமத்தினாள்.